தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கம்பி

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நூற்பாலையில் 32 மின் மீட்டர்களை ஒரே கேபிளில் கோத்து, அளவுகளைக் கணினிக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். முதலில் நன்றாக ஓடியது. இப்போது திரையில் சில எண்கள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கின்றன. ஒரு ரிங் ஃபிரேம் திடீரென்று 230 ஆம்பியர் இழுத்ததாகக் காட்டுகிறது. ஒரு மீட்டரைக் கழற்றினால் மற்ற 31 மீட்டர்களும் மெதுவாகிவிடுகின்றன. இதற்கு நடுவே இன்னும் 96 சாதனங்களைச் சேர்க்கச் சொல்லி நிர்வாகம் உத்தரவிட்டிருக்கிறது. எந்த கேபிள், எந்த வேகம், எந்த மென்பொருள் என்று மட்டும் சொன்னால் போதும் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அந்த மூன்றையும் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் உங்கள் திரை பொய் சொல்லக்கூடும். அதனால்தான் கொஞ்சம் விரிவாக, இதே வேலையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கும்படி பொதுவில் எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலைத் தரையில் ஓடும் கம்பியில் பிழை வந்தே தீரும். மோட்டார், டிரைவ், வெல்டிங், இடி மின்னல் எல்லாம் இருக்கும் இடம் அது. அங்கே நம்பகமான தொடர்பு என்று நான் சொல்வதற்கு இரண்டே இலக்கணங்கள். வந்த பிழை, நல்ல எண் போல வேஷம் போட்டுக்கொண்டு திரைக்குப் போகக் கூடாது. ஒரு சாதனத்தின் கோளாறு பக்கத்துச் சாதனத்தைத் தொடக் கூடாது. உங்கள் மூன்று புகார்களும் இந்த இரண்டில் ஏதோ ஒன்று மீறப்பட்டதன் விளைவுதான்.

முதலில் கம்பி. உங்கள் மீட்டர்கள் பேசுவது ஆர்.எஸ்.-485 என்ற தரத்தில். அது 1983-ல் அமெரிக்காவில் வெளியானது. முறுக்கிய இரண்டு கம்பிகளுக்கு இடையிலுள்ள வோல்ட்டேஜ் வித்தியாசம்தான் அங்கே செய்தி. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுவதால் வித்தியாசம் கெடுவதில்லை. அனுப்புகிற சிப் குறைந்தது 1.5 வோல்ட் வித்தியாசம் தர வேண்டும். வாங்குகிற சிப் 0.2 வோல்ட் வித்தியாசத்தையே இனம் காண வேண்டும். இடையில் இருக்கும் 1.3 வோல்ட்தான் இரைச்சலுக்கு எதிராக உங்கள் கையிருப்பு. தவறான வயரிங் ஒவ்வொன்றும் அதிலிருந்து கொஞ்சம் தின்றுவிடும்.

அந்தத் தரம் ஒரு லைனில் அனுமதிப்பது 32 சுமைகள். உங்களிடம் 32 மீட்டர்கள். கணினிப் பக்கத்து சிப்பும் ஒரு சுமை. ஆக 33. இப்போது வரும் பல சிப்புகள் கால் சுமை அல்லது எட்டில் ஒரு பங்கு சுமைதான் என்பதால் நீங்கள் தப்பித்திருக்கலாம். மீட்டரின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கேபிள் ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். ஒரே பேனலிலிருந்து நாலாபக்கமும் கிளை பிரித்திருந்தால் அதை மாற்றுங்கள். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் பவர் கேபிளோடு இதைச் சேர்த்துக் கட்டவே கூடாது; குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடச் சொல்வதன் காரணம் தெரிந்தால் அதை யாரும் மறக்க மாட்டார்கள். கம்பியில் போகும் சிக்னல் முனையில் முட்டித் திரும்பி வரும். அரை கிலோமீட்டர் கேபிளில் போய்வர ஏறத்தாழ 5 மைக்ரோ வினாடி ஆகும். 9600 வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோ வினாடி. வாங்கும் பக்கம் பிட்டின் நடுவில் பார்ப்பதற்குள் எதிரொலி அடங்கிவிடும். 115200 வேகத்திலோ ஒரு பிட்டே 8.7 மைக்ரோ வினாடிதான். பழைய எதிரொலி அடங்குவதற்குள் புதிய பிட் வந்துவிடும். ரெசிஸ்டர் இல்லாமலே ஓடுகிறதே என்று மெதுவான லைனில் பழகியவர்கள், வேகத்தைக் கூட்டியதும் தடுமாறுவது இதனால்தான். எல்லாச் சாதனங்களின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓமுக்குப் பக்கத்தில் காட்டினால் இரு முனையும் சரி. 120 காட்டினால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 40 காட்டினால் யாரோ நடுவில் மூன்றாவது ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, மூன்றாவது கம்பி. வித்தியாசம்தானே செய்தி, தரைக்கம்பி எதற்கு என்று தோன்றும். ஆனால் தரைமட்டத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு கம்பியும் -7 வோல்ட்டிலிருந்து +12 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் சிப் வேலை செய்யும். இரண்டு கட்டடங்களின் எர்த் மட்டங்களுக்கு இடையே அதைவிட அதிக வித்தியாசம் வருவது சாதாரணம். ஒரே கட்டடத்துக்குள் பொதுத் தரைக்கம்பியை இணையுங்கள். கட்டடம் தாண்டினால் மின்தனிமைப்படுத்தப்பட்ட மாற்றியைப் போடுங்கள். மற்றொன்று, யாரும் பேசாத நேரம். இரு முனை ரெசிஸ்டர்களும் சேர்ந்து அப்போது கம்பிகளை ஒரே வோல்ட்டேஜுக்கு இழுத்துவிடும். அது 1 என்றும் 0 என்றும் சொல்ல முடியாத நிலை. சிறு இரைச்சலும் ஒரு தொடக்க பிட்டாகத் தெரிந்து, இல்லாத பைட் ஒன்று பிறந்துவிடும். லைனில் ஒரே இடத்தில், 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் 560 ஓம் வீதம் ஒரு ஜோடி ரெசிஸ்டர் போட்டால், சும்மா இருக்கும்போதும் 0.25 வோல்ட் வித்தியாசம் நிலைத்திருக்கும். பிறவாத பைட்டை யாரும் தப்பாகப் படிக்க முடியாது.

கம்பி சரி. இனி அந்த 230 ஆம்பியர். அது எங்கிருந்து வந்த எண் என்று யோசித்தீர்களா? நம் ஊரில் ஒரு ஃபேஸின் வோல்ட்டேஜ் அது.

நீங்கள் பயன்படுத்தும் மாட்பஸ் நெறிமுறையை மோடிகான் நிறுவனம் 1979-ல் வெளியிட்டது. வகுப்பில் ஆசிரியர் பெயர் வாசித்து வருகை எடுப்பதைப் போன்றது அது: கணினி ஒரு முகவரியைக் கூப்பிடும், அந்த மீட்டர் மட்டும் வாய் திறக்கும். எளிமைதான் அதன் பலம். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது ஆலைகளில் நிலைத்திருப்பது அதனால்தான். ஆனால் அந்த எளிமையில் ஒரு பள்ளம் இருக்கிறது. மீட்டர் அனுப்பும் பதிலில் அதன் முகவரி, கட்டளை எண், எத்தனை பைட், தரவு, சரிபார்ப்பு எண் ஆகியவை இருக்கும். எந்த ரிஜிஸ்டருக்கான பதில் என்பது இருக்காது. கணினி வோல்ட்டேஜைக் கேட்கிறது. மீட்டர் வேறு வேலையில் இருந்து தாமதிக்கிறது. டைம்அவுட் ஆகிவிட்டதென்று கணினி அடுத்த கேள்வியாக அதே மீட்டரிடம் கரண்ட்டைக் கேட்கிறது. அந்தக் கணத்தில் பழைய கேள்விக்கான பதில் வந்து சேர்கிறது. முகவரி சரி, நீளம் சரி, சரிபார்ப்பு எண்ணும் சரி. 230 வோல்ட், 230 ஆம்பியராகப் பதிவாகிவிடுகிறது. உங்கள் ரிங் ஃபிரேமில் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

பரிகாரம் மென்பொருளில் இருக்கிறது. மீட்டர் மிகவும் தாமதிக்கும் நேரத்தை அளந்து, டைம்அவுட்டை அதைவிடத் தாராளமாக வையுங்கள். டைம்அவுட் ஆனால் உடனே அடுத்ததைக் கேட்காமல் லைன் அமைதியாகும்வரை காத்திருந்து, பஃபரில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுங்கள். வோல்ட்டேஜையும் கரண்ட்டையும் தனித்தனியாகக் கேட்காமல், ரிஜிஸ்டர்கள் அடுத்தடுத்து இருந்தால் ஒரே கேள்வியில் வாங்குங்கள். மாறிப்போக வழியே இருக்காது. தனித்தனியாகத்தான் கேட்க வேண்டுமென்றால் அடுத்தடுத்த கேள்விகளின் பதில் நீளம் வேறுபடும்படி அமையுங்கள். பின்னாளில் வந்த மாட்பஸ் டி.சி.பி.-யில் ஒவ்வொரு கேள்விக்கும் 2 பைட் வரிசை எண் சேர்த்து இந்தப் பள்ளத்தை மூடினார்கள். பழைய லைனில் அதை நாம்தான் மூட வேண்டும்.

சரிபார்ப்பு எண்ணையும் அளவுக்கு மீறி நம்பாதீர்கள். மாட்பஸ் பயன்படுத்தும் 16 பிட் சி.ஆர்.சி. நல்ல காவலாள். அடுத்தடுத்த 16 பிட்டுகளுக்குள் நிகழும் எந்தச் சிதைவையும் அது பிடித்துவிடும். ஆனால் செய்தி முழுவதும் தாறுமாறாகக் கெட்டால், 65,536-ல் ஒன்று தப்பித்துப் போகும். இதைக் கணக்காகப் பாருங்கள். வினாடிக்கு 10 செய்திகள் என்றால் ஒரு நாளைக்கு 8,64,000. அதில் நூற்றுக்கு ஒன்று அப்படிக் கெட்டால் 8,640. அப்படியானால் ஏறத்தாழ எட்டு நாளைக்கு ஒரு முறை ஒரு பொய் எண், முத்திரை குத்தப்பட்டு உள்ளே வரும். கெட்ட கம்பியை சி.ஆர்.சி. பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஒவ்வொரு லைனிலும் சி.ஆர்.சி. பிழை எத்தனை, டைம்அவுட் எத்தனை, மறுபடி கேட்டது எத்தனை என்று மீட்டர் வாரியாக எண்ணி வையுங்கள். அந்த எண்ணிக்கை ஏறத் தொடங்கும் நாளில் ஸ்குரூ டிரைவரை எடுங்கள்.

அடுத்த புகார், ஒரு மீட்டர் செத்தால் எல்லாம் மெதுவாவது. ஒரு மீட்டரிடம் 10 ரிஜிஸ்டர்கள் கேட்பதாக வைத்துக்கொள்வோம். கேள்வி 8 பைட், பதில் 25 பைட். பாரிட்டியோடு சேர்த்து ஒவ்வொரு பைட்டுக்கும் 11 பிட். மொத்தம் 363 பிட். 9600 வேகத்தில் ஏறத்தாழ 38 மில்லி வினாடி. செய்திகளுக்கு நடுவே மூன்றரை எழுத்து அளவு மௌனம் வேண்டும். இரண்டு மௌனத்துக்கு 8 மில்லி வினாடி. மீட்டர் பதில் தயாரிக்க 50 என்று கொண்டால், ஆக மொத்தம் 96. அப்படி 32 மீட்டர்களையும் சுற்றிவர 3 வினாடிக்குச் சற்று மேல். வேகத்தை 19200 ஆக்கினால் மீட்டருக்கு 23 மில்லி வினாடிதான் மிச்சம். மீட்டர் எடுத்துக்கொள்ளும் நேரம் குறையாதே. ஆனால் ஒரு மீட்டர் செத்துப்போய், அதற்காக 1 வினாடி வீதம் மூன்று முறை காத்திருந்தால், அந்த ஒன்றே 3 வினாடியைத் தின்றுவிடும். சுற்று நேரம் இரட்டிப்பாகும். இரண்டு செத்தால் மூன்று மடங்கு. வேகத்தைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது.

தீர்வு இரண்டு. தொடர்ந்து பதில் சொல்லாத மீட்டரைத் தனிப் பட்டியலுக்கு மாற்றி, நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு முறை மட்டும் கேளுங்கள். பதில் வந்ததும் பழைய வரிசைக்குத் திரும்பட்டும். அதைவிட முக்கியமானது, லைனைப் பிரிப்பது. 128 சாதனங்களையும் 8 தனி சேனல்களாக்கி, ஒவ்வொன்றிலும் 16 வையுங்கள். சுற்று நேரம் 1.6 வினாடிக்கும் கீழே வந்துவிடும். ஒரு சேனலில் எவனோ ஒருவன் ஆணி அடித்து கேபிள் ஷார்ட் ஆனாலும் மற்ற 7 சேனல்கள் ஓடும். எப்படிப் பிரிப்பது என்பதிலும் யோசனை வேண்டும். ஒரே துறையின் மெயின் மீட்டரையும் கிளை மீட்டர்களையும் ஒரே சேனலில் வைத்தால், அந்த கேபிள் அறுந்ததும் அந்தத் துறையே இருளாகிவிடும். மெயின் மீட்டர்களை மட்டும் தனிச் சேனலில் வையுங்கள்.

கம்பியைப் பிரித்துவிட்டு மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிற்கவைத்தால் பிரித்ததற்கே பொருளில்லை. இந்தத் தவறு மிகப் பரவலாக நடக்கிறது. ஒரு சேனலின் பதிலுக்காகக் காத்திருக்கும் நிரல், மற்ற ஏழையும் காக்க வைத்துவிடும். ஒவ்வொரு சேனலுக்கும் தனி பஃபர், தனி டைமர், தனிப் பிழைக்கணக்கு, தனி நிலை வேண்டும். எந்த இடத்திலும் நிரல் சும்மா நின்று காத்திருக்கக் கூடாது.

நாளை எடைத்தராசு, பார்கோடு ரீடர் என்று வேகமான சாதனங்கள் சேரும்போது இன்னொரு சுவர் தட்டும். 115200 வேகத்தில் 16 சேனல்கள் பாரிட்டி இல்லாமல் ஒரே நேரத்தில் பேசினால் வினாடிக்கு 1,84,320 பைட் வரும், பைட்டுக்கு 5.4 மைக்ரோ வினாடிதான் அவகாசம். பழைய 8250 சிப்பில் வந்த பைட்டை வைக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. பிராசசர் எடுப்பதற்குள் அடுத்தது வந்தால் முதலாவது போய்விடும். பின்னால் வந்த 16550-ல் 16 இடங்கள் இருந்தன. அது தந்தது 1.4 மில்லி வினாடி அவகாசம். பல சேனல் அட்டை வாங்கும்போது ஒவ்வொரு சேனலுக்கும் பஃபர் எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். நிரம்பி வழிந்தால் அதைச் சொல்லும் அடையாள பிட்டை மென்பொருள் படிக்கிறதா என்றும் கேளுங்கள்.

சொந்தமாக போர்டு செய்வதாக இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த லைனில் பேசி முடித்தவர் உடனே கம்பியை விட வேண்டும். பஃபர் காலியானதுமே விட்டுவிட்டால் கடைசி பைட் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும், சி.ஆர்.சி.-யின் வால் அறுபடும். தாமதமாக விட்டால் மீட்டரின் முதல் பைட்டோடு மோதும். கடைசி முடிவு பிட்டும் வெளியேறிவிட்டது என்று சிப் சொல்லும் அடையாளம் தனியாக உண்டு. அதைத்தான் பார்க்க வேண்டும். மேசையில் எப்போதும் சரியாக ஓடி, களத்தில் எப்போதாவது மட்டும் கெடும் லைன்களில் இந்தக் காரணத்தை முதலில் தேடுங்கள்.

கடைசிப் புகார், அசையாமல் நிற்கும் எண். மூன்றிலும் இதுதான் என்னை மிகவும் உறுத்தியது. பதில் வராதபோது உங்கள் மென்பொருள் கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டிருக்கிறது. சில மென்பொருள்கள் இன்னும் மோசம். பதில் வராவிட்டால் 0 என்று எழுதிவிடும். ஒரு ஃபீடரில் 0 வோல்ட் என்று திரை சொன்னால், மின்சாரம் இல்லை என்று நம்பி ஒருவர் பேனலைத் திறக்கலாம். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் தொடக் கூடாது என்பது விதிதான். ஆனாலும் அவசரத்தில் இருக்கும் மனிதரைத் தவறான பக்கம் தள்ளும் திரையை நாம் கட்டிக்கொடுக்கக் கூடாது. அது நம் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு அளவோடும் இரண்டு துணைகள் எப்போதும் போகட்டும்: எப்போது எடுத்தது, நம்பலாமா கூடாதா. 10 வினாடி பழசானால் எண்ணின் நிறம் மாறட்டும். ஒரு நிமிடம் தாண்டினால் எண்ணையே எடுத்துவிட்டு ஒரு கோடு போடட்டும். டேட்டாபேஸிலும் வராத அளவுக்கு 0 எழுதாமல் வெற்றிடமாக விடுங்கள்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. சி.ஆர்.சி. காப்பது கம்பியின் நீளத்தை மட்டும்தான். கம்பியைக் கணினியோடு இணைக்கும் மாற்றி அதைச் சரிபார்த்துக் கழற்றி எறிந்த பிறகு, எண் இன்னும் பல கைகள் மாறித்தான் திரைக்கு வருகிறது. ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் மூவரும் 1984-ல் வெளியான தங்கள் புகழ்பெற்ற கட்டுரையில் எம்.ஐ.டி.-யில் நடந்த ஒன்றைச் சொல்கிறார்கள். அங்கே வலையமைப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்ப்பு இருந்தது. அதை நம்பி எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் வலையமைப்புகளை இணைக்கும் ஒரு கேட்வே, உள்ளே வாங்கியதை வெளியே அனுப்பும் பஃபருக்கு நகல் எடுக்கும்போது, பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு முறை அளவில் ஒரு ஜோடி பைட்டை இடம் மாற்றிக்கொண்டிருந்தது. கம்பியில் எந்தப் பிழையும் இல்லை. ஒரு இயங்குதளத்தின் மூலநிரல் கோப்புகள் கெட்டுப்போய், பழைய அச்சுப்பிரதிகளோடு ஒப்பிட்டுக் கையால் திருத்த வேண்டியதாயிற்று. கடைசிச் சரிபார்ப்பு இரு கோடிகளிலும்தான் நடக்க வேண்டும் என்பது அவர்கள் வந்த முடிவு.

உங்கள் ஆலையில் அந்தக் கோடிச் சரிபார்ப்புக்கு அருமையான வழி இருக்கிறது. ஒவ்வொரு மீட்டரும் யூனிட்டைத் தானே கூட்டி வைத்திருக்கிறது. கணினியில் வாட்டைக் கூட்டி யூனிட் கணக்கிடாதீர்கள். மீட்டரின் கூட்டலையே படியுங்கள். நடுவில் ஒரு மணி நேரம் தொடர்பு அறுந்தாலும் ஒரு யூனிட் கூடத் தொலையாது. அந்த எண் ஒருபோதும் குறையக் கூடாது. குறைந்தால், மீட்டர் சுழன்று பூஜ்யத்துக்கு வந்திருந்தாலொழிய, ஏதோ தவறு. நாள் முடிவில் மெயின் மீட்டரின் யூனிட்டும் கிளைகளின் கூட்டுத்தொகையும் வழக்கமான இழப்பு போக ஒத்துவர வேண்டும். ஒத்துவந்தால் கம்பி, மாற்றி, நிரல், டேட்டாபேஸ் அத்தனையும் ஒரே கணக்கில் சரிபார்க்கப்பட்டுவிட்டன.

வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடும் முன், ஷிஃப்ட் ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவற்றைச் செய்து பாருங்கள். ஓடும்போதே ஒரு மீட்டரின் கம்பியைக் கழற்றுங்கள். ஒரு சேனலை ஷார்ட் செய்யுங்கள். இரண்டு மீட்டர்களுக்கு ஒரே முகவரி கொடுங்கள். மாற்றியின் மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள். பெரிய மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்து, எது கெட்டது என்று ஆபரேட்டரால் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். கெட்ட இடம் மட்டும் கோடாக மாறி, மற்றவை தம் பாட்டுக்கு ஓடினால் உங்கள் வடிவமைப்பு தேறியது. எல்லா எண்களும் அழகாக நின்றுகொண்டிருந்தால் தேறவில்லை. 96 சாதனங்களைச் சேர்க்கும் வேலையைத் தள்ளிவையுங்கள்.

இந்தச் சோதனைக்கு நிர்வாகம் இரண்டு நாள் தர மறுக்கலாம். அப்போது தயங்காமல் வாதாடுங்கள். இந்த எண்களைக் கொண்டுதான் எந்தத் துறை மின்சாரத்தை வீணாக்கியது என்று ஆட்களைக் கேள்வி கேட்கப்போகிறார்கள். செய்யாத தவறுக்கு ஒரு தொழிலாளி பதில் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. அதற்கு நீங்கள் கட்டும் தொடர்பு மட்டுமே சாட்சி. முதலில் 60 ஓம் சோதனையைச் செய்து, மீட்டர் வாரியாக ஒரு வாரத்துப் பிழைக்கணக்கை எடுத்து எனக்கு எழுதுங்கள். எந்த சேனலில் எதை வைப்பது என்பதை அந்தக் கணக்கைப் பார்த்துச் சேர்ந்தே முடிவு செய்வோம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்